பதினாறாம் நாள் காரியமும் ஆறாம் மாதக் கெடுவும்

எழவு வீட்டுக்குச் சட்டம் வந்து துக்கம் விசாரிப்பதில்லை. வாசலில் நின்று நேரம் பார்க்கும். பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், வருஷத் திதி எல்லாம் நம் கணக்கு. அதன் கணக்கு வேறு. ரோட்டில் லாரி அடித்துச் செத்தால் ஆறு மாதம். ரயிலில் செத்தால் ஒரு வருடம். வேலை செய்யும்போது செத்தால் இரண்டு வருடம். எஸ்டேட் லயம் இடிந்து செத்தால், பழைய தோட்டச் சட்டப்படி, மறுபடி ஆறு மாதம். எதிலும் சேராமல் இன்னொருவர் தவறால் செத்தால், 1855இல் வெள்ளைக்காரன் போட்ட சாவு விபத்துச் சட்டம் இருக்கிறது. அதற்கு, செத்த நாளிலிருந்து இரண்டு வருடம். ஆகவே பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையிலும் குடியிருக்கும் தமிழ்ச் சனங்களுக்கு ஒரு யோசனை. எந்த வகையில் கொல்லப்படப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வீட்டில் சொல்லி வையுங்கள். தப்பான இனத்தில் செத்துத் தொலைத்தால் பிள்ளைகள் தப்பான ஆபீஸ் வாசலில் போய் நிற்கும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் படுத்தவர்களுக்கு இந்த யோசனையை யாரும் சொல்லவில்லை. மூணாறுக்கு மேலே, ராஜமலைக்கு அப்பால், கண்ணன் தேவன் கம்பெனியின் லயங்கள். குடியிருந்தவர்கள் தமிழர்கள், கயத்தாறுப் பக்கத்துச் சொந்தபந்தம் உள்ளவர்கள் பலர். மழையில் மலை இறங்கி வந்து லயங்களை வாரிக்கொண்டு போனது. கரண்டு இல்லை, போனில் சிக்னல் இல்லை. செய்தி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. பெரியவாரைப் பாலம் ஏற்கெனவே பழுது, மீட்க வந்த வண்டிகள் அங்கே முடங்கின. எழுபது பேர் போனார்கள். அறுபத்தாறு உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை.

இவர்கள் எந்த இனம்? பகலில் மலைமேல் கொழுந்து கிள்ளும்போது சரிந்திருந்தால் வேலை நேரத்துச் சாவு என்று 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கதவையாவது தட்டியிருக்கலாம். ராத்திரி தூங்கும்போது சரிந்தது. மலைக்குச் சட்டம் தெரியவில்லை. சரி, தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 1951இல் ஒரு சட்டம் இருந்ததே, அதைப் பார்ப்போம். வீடு கட்டித் தர வேண்டியது நிர்வாகம் என்றது அது. அப்படியானால் எந்தச் சரிவின் அடியில் தலைவைத்துப் படுப்பது என்பதைப் படுப்பவர் முடிவு செய்வதில்லை. அதே சட்டத்தில் 16ஏ என்று ஒரு பிரிவு. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்று வாய் நிறையச் சொன்னது. சொல்லிவிட்டு, குடியிருப்பவரின் குற்றத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டும் இடிந்திருந்தால் தர வேண்டியதில்லை என்று வாயைத் துடைத்துக்கொண்டது. இதையும் ஆறு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டியிருந்தது. பிந்தினால் தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில், தென்மேற்குப் பருவமழையில், சரிவின் கீழே நிற்கும் ஒரு வீடு வேறு எதனால் இடியும் என்று எதிர்பார்த்தார்கள்? பூகோளத்தையே விதிவிலக்காக எழுதி வைத்தவரின் மூளைக்கு ஒரு பதக்கம் கொடுக்கத்தான் வேண்டும். மழைக்குச் சம்மன் அனுப்ப முடியாது. மழைக்குச் சொத்து இல்லை, ஜப்தி செய்ய. மழை மேல் பழியைப் போட்டவுடன் லயத்தை அந்த இடத்தில் கட்டத் தீர்மானித்த பேனா, ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இன்ஸ்பெக்டரின் பேனா, அதை ஆராயாமல் விட்ட கலெக்டரேட்டின் பேனா எல்லாம் மூடிக்கொண்டு பைக்குள் போய்விடுகின்றன.

நாடாளுமன்றம் பாடம் படிக்கவில்லை என்று சொன்னால் பாவம். பெட்டிமுடி நடந்து ஏழு வாரம் ஆவதற்குள், 2020 செப்டம்பரில், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 அன்று அது அமலுக்கும் வந்தது. அதன் 75ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அதே எஸ்டேட் வீடு, அதே இடிபாடு, அதே இயற்கைச் சீற்றம், ஒரு கமா கூடக் கலையாமல் குடிபெயர்ந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. புது வீடு கிடைத்தது சட்டப் பிரிவுக்கு.

பெட்டிமுடி சரிந்ததற்கு மறுநாள் மாலை கரிப்பூர் விமான நிலையத்தில் துபாய் விமானம் ஓடுபாதையைத் தாண்டி உடைந்தது. இருபத்தொரு உயிர். அவர்களும் பிழைக்கப் போன இடத்திலிருந்து திரும்பியவர்கள்தான். அவர்களுக்குக் கொடுத்ததில் ஒரு ரூபாய் அதிகம் என்று சொல்பவன் மனிதனல்ல. ஆனால் அந்த வாரம் கேரள அரசு வெளியிட்ட விலைப்பட்டியலை மறக்க முடியாது. கரிப்பூர்ச் சாவுக்குப் பத்து லட்சம். பெட்டிமுடிச் சாவுக்கு ஐந்து லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி வந்தார். விமானப் பயணிக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. குற்றம் யாருடையது என்று கேட்காமலே, நிரூபித்த இழப்புக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரை விமான நிறுவனம் பொறுப்பு. கெடு அங்கேயும் இரண்டு வருடம்தான். கடிகாரத்தில் மட்டும் சமத்துவம்.

இனி அந்த 1855. யார் வழக்குப் போட்டாலும் பலன் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைக்கு மட்டும். தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறது; அண்ணன் தம்பி, அக்கா தங்கை அதன் கண்ணில் உறவே இல்லை. ஒரு லயத்தில் அப்பன், ஆத்தாள், மகன், மருமகள், பேரன் என்று மொத்தமும் மண்ணுக்குள் போய், வெளியூரில் வேலைக்குப் போன தம்பி ஒருவன் மட்டும் மிஞ்சினால், அவனுக்கு நட்டம் எதுவும் இல்லை என்று அர்த்தம். விக்டோரியா மகாராணி காலத்துக் குடும்ப அட்டை அப்படி.

உரிமை உள்ளவருக்கு மட்டும் லேசா? எஃப்ஐஆர் மலையாளத்தில். வாரிசுச் சான்று வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ் விசாரணை, பிறகு கெசட்டில் விளம்பரம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று காத்திருப்பு. எழுபது பேர் செத்துப்போன மலையில் ஆட்சேபிக்க யார் வருவார் என்று தெரியவில்லை. செத்தவர் வேலை தேவிகுளத்தில், ரேஷன் கார்டு தூத்துக்குடி மாவட்டத்தில் என்றால் தாசில்தார் இரண்டு, மாநிலம் இரண்டு, அலைச்சல் நாலு. அரசையும் எதிர்த்து வழக்கென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு. கேட்கும் தொகைக்குத் தக்க கோர்ட் கட்டணம். கட்ட முடியாதவர், தான் ஏழைதான் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். இதற்கெல்லாம் அவரவர் மேஜையில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஆகலாம். கெடு ஓடுவது எதிர்ப்புறம் நிற்பவருக்கு மட்டும்.

ஓடி முடிந்தால் என்ன ஆகும் என்பதுதான் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அழகு. மேல்முறையீடு தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஐந்தாம் பிரிவு வழிவிடுகிறது. அரசாங்கங்கள் கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்தது என்று சொல்லிக் கூசாமல் கேட்கும். நேரடி வழக்குக்கு அந்த மன்னிப்புக் கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் தள்ளுபடி. எதிராளி வாயே திறக்காவிட்டாலும் நீதிபதியே நாளை எண்ணிப் பார்த்துத் தள்ள வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு. சிறுபிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை பொறுத்துக்கொள்கிறது. அனாதையானதில் அந்த ஒரு லாபம்.

அரசு வழக்குப் போட வேண்டுமானால் எவ்வளவு காலம் தெரியுமா? அதே சட்டத்தின் அட்டவணையில் 112ஆம் இனத்தைப் பாருங்கள். முப்பது வருடம். சர்க்காருக்குச் சேர வேண்டிய ஏதோவொன்றை நீங்கள் கெடுத்துவிட்டால் அது முப்பது வருடம் யோசிக்கலாம், ஆயிரம் வக்கீல் வைத்துக்கொண்டு. உங்கள் தாயைப் பறிகொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு வருடத்தில் யோசித்து முடிக்க வேண்டும், ஒப்பாரி அடங்குவதற்குள். பெட்டிமுடி நிலத்தில் தனக்கு ஏதோ நட்டம் என்று அரசுக்குத் தோன்றினால் 2050 ஆகஸ்ட் வரை அவசரமே இல்லை.

மலையைக் காக்கும் வேலையில் அரசு காட்டும் வேகமும் அதே முப்பது வருட வேகம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிக் காட்கில் குழு அறிக்கை கொடுத்தது 2011இல். இடுக்கியில் அதற்கு எதிராகக் கட்சி, சர்ச், சங்கம் எல்லாம் கைகோத்துத் தெருவுக்கு வந்தன. கஸ்தூரிரங்கன் குழு 2013. பிறகு சூழல் பாதிப்புக்குரிய பகுதி என்று வரைவு அறிவிக்கை 2014இல், காலாவதியானதும் இன்னொன்று, அதுவும் போனதும் இன்னொன்று. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 அன்று வெளிவந்தது, வயநாட்டில் மலை சரிந்த மறுநாள். ஒரு விதவையின் மனு ஒரே ஒரு முறை காலாவதியானால் செத்தது செத்ததுதான். மத்திய அரசின் வரைவுக்கு மட்டும் ஆறு பிறவி.

ரோட்டுக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. ஏழைகள் கெடு தவறி நிற்கிறார்கள் என்று 1994இல் அதே நாடாளுமன்றம் அதை எடுத்தது. 2019இல் திரும்ப ஒட்டியது. 2022 ஏப்ரல் 1 முதல் அமல். அந்த அக்டோபரில் பாலக்காட்டு வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த டூரிஸ்ட் பஸ் கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். டிசம்பரில் குமுளி மலைப்பாதையில், சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் பள்ளத்தில் போனார்கள். இருமுடி இறக்கும் முன்பே அந்த வீடுகளில் ஆறு மாதக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. இப்படி நாடெங்கும் மனுக்கள் தள்ளுபடியாக, கெடு தாண்டியது என்பதற்காக மட்டும் தள்ளாதீர்கள் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது. ஒட்டியவர்கள் இன்னும் கிழிக்கவில்லை.

அந்த நான்கு பேருக்கு வருவோம். உடல் கிடைக்காத ஒருவரை, அரசு தனியாக ஆணை போட்டால் ஒழிய, ஏழு வருடம் தகவல் இல்லாத பிறகே இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சாட்சியச் சட்டம். பெட்டிமுடிக்கு அந்த ஏழு வருடம் 2027 ஆகஸ்டில் நிறையும். அவர்கள் சாவுக்கு நியாயம் கேட்கும் இரண்டு வருடக் கெடு, கொரோனாக் காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தும், 2024 தொடக்கத்திலேயே முடிந்தது.