கடைசி வீட்டுக்கும் வழி: ஒழுங்கைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒழுங்கைகளைப் பற்றியவை. மற்றவை அடுத்த இதழுக்குப் போகின்றன. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். படலைக்குப் படலை கோபம் வேண்டாம்.

கே: கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். எந்த ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளை விட்டாலும் கடைசியில் யாரோ ஒருவரின் கேற்றில் போய் நிற்கிறது. ஏன் இங்கே இத்தனை குச்சொழுங்கைகள்? (திருநெல்வேலி)

ப: மகள்மார்தான் காரணம். றோட்டுக்கரையில் எட்டுப் பரப்புக் காணி வைத்திருந்த ஒரு தகப்பனுக்கு நாலு பெண்பிள்ளைகள் என்று வையுங்கள். மூத்தவளுக்கு முன்காணியும் வீடும் சீதனம். இரண்டாமவளுக்கு அதன் பின்னால் இரண்டு பரப்பு, மூன்றாமவளுக்கு அதற்கும் பின்னால். கடைக்குட்டி எப்படி றோட்டுக்கு வருவாள்? ஓரமாக ஒரு மாட்டுவண்டில் போகும் அளவுக்கு நிலத்தை ஒதுக்கினார்கள். அது கடைக்குட்டியின் படலையோடு முடிந்தது. அதற்கப்பால் போக ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

காணி சீதனமாகப் பெண்வழி போகும் இந்த வழக்கத்தை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து எழுதினார். 12 முதலிமார் பார்த்துச் சரி சொன்னார்கள். 1707இல் அது தேசவழமைத் தொகுப்பாயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். அதனால் நீங்கள் முட்டி நின்ற அந்த ஒழுங்கை, தொடக்கத்தில் ஒரு குடும்பத்தின் முற்றம்தான். அக்கா தங்கச்சிமாருக்குள் அகலத்தை எழுதி வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று முன்வீட்டில் பேரன், நடுவீட்டில் வாடகைக்கு மாணவர்கள், அடுத்ததை வாங்கியவர் வேறு ஊர்க்காரர், கடைசி வீட்டுக்காரர் சுவிஸில். இப்போது எழுத்துத் தேவை. கீழே வரும் கேள்விகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

கே: வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வருகிறேன். படலைக்குப் படலை ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. மூச்சு முட்டுகிறது. (கொக்குவில்)

ப: தங்கச்சி, பார்ப்பது வேறு, கதை கட்டுவது வேறு. முதலாவதை வைத்திருங்கள். நீங்கள் வந்து சேராத இரவில் தேடி வரப்போவதும் அந்தத் தலைகள்தான். இரண்டாவதைச் செய்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். நேரே போய், "மாமி, எனக்கு எட்டு மணிக்குத்தான் வேலை முடியும். பிந்தினால் அம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். பொறுப்பைக் கையில் கொடுத்தவளைப் பற்றி வம்பளப்பது அவருக்கும் கூச்சமாக இருக்கும். அப்படியும் நிற்காவிட்டால் அது அவருடைய குறை. நீங்கள் வேலையை விடத் தேவையில்லை.

கே: முன்வீட்டுக்காரர் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்ட அத்திவாரம் வெட்டுகிறார். ஒழுங்கைக்குள் ஒன்றரை அடி வந்துவிட்டார். கேட்டால், "பழைய கதியால் இங்கேதான் நின்றது" என்கிறார். (கோண்டாவில்)

ப: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் அது சரியாகிவிடாது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நட்ட வேலி ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதைப் போடுவார்கள். போடும் கை கொஞ்சம் வெளிப்பக்கம் சாயும். ஒரு மாரிக்கு நாலு விரல்கடை போதும், இருபது வருடத்தில் ஒழுங்கை மெலிந்துவிடும். கிடுகு வேலியென்றால் அடுத்த வருடம் கதைத்துத் திருத்தலாம். மதில் எழும்பினால் அந்தப் பிழை சீமெந்தில் இறுகிவிடும். ஆகவே அத்திவாரம் நிரவுமுன் செய்யுங்கள், நாளைக்கே.

முதலில் உங்கள் உறுதியையும் அவருடைய உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் உறுதிகளில் நாலு எல்லையும் அயல்காணிக்காரரின் பேரால் எழுதப்பட்டிருக்கும். உங்கள் உறுதியில் ஒழுங்கை என்று இருக்கும் பக்கம் அவருடையதிலும் ஒழுங்கை என்றுதான் இருக்க வேண்டும். பரப்பையும் குழியையும் கூட்டிப் பாருங்கள். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். கணக்கு இடித்தால், இரு வீட்டாரும் பாதிப்பாதிக் காசு போட்டு ஒரு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். ஒருவர் மட்டும் காசு கொடுத்தால் மற்றவர் அந்த வரைபடத்தை நம்பமாட்டார்.

அதற்கும் இணங்காவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி உங்களுக்காக வாதாட முடியாது, நீங்களே கதைக்க வேண்டும். ஒழுங்கை வழக்குக்கு அதுதான் நல்லது. காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபையும் யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது. கைகலப்பு வரும்போல் இருந்தால், 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ நீங்களோ நீதிமன்றம் போகலாம். அங்கே கிடைக்கும் கட்டளை மாவட்ட நீதிமன்றம் உரிமையைத் தீர்மானிக்கும் வரைக்கும்தான். அந்தத் தீர்மானம் வர எவ்வளவு காலமாகும் என்பதை, பாகப்பிரிவினை வழக்குப் பார்த்த எந்தக் குடும்பமும் உங்களுக்குச் சொல்லும்.

ஒன்றரை அடிக்கா இவ்வளவு என்று யாராவது கேட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தைச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையிலிருந்து நம்மிடத்தில் ஓடுகிறது. அழைத்தால் வரும், ஆனால் ஒழுங்கை வாயில்வரை வந்து நின்றால் கடைசி வீட்டு ஐயாவைக் கதிரையில் வைத்துத் தூக்கி வரவேண்டும். முன்வீட்டுக்காரரிடமும் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள்.

கே: பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் முற்றத்தில் சருகு கொட்டுகிறது. (மானிப்பாய்)

ப: காயும் கொட்டுமே, அதைப் பற்றி எழுதவில்லையே!

கே: நாங்கள் கனடாவில் இருக்கிறோம். ஒழுங்கைக்குள் இருக்கும் காணியை விற்கப் போகிறோம். பக்கத்துக் காணி மச்சான், "அயல்காரனுக்குத்தான் முதல் உரிமை, தேசவழமை" என்கிறார். (ரொறன்ரோ)

ப: மச்சான் பழைய புத்தகத்தைப் படித்திருக்கிறார். பழைய தொகுப்பில், காணியை ஒற்றிக்கு வைத்திருந்த அயல்காணிக்காரருக்கும் அந்த உரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைச் சுருக்கியது. இப்போது உங்களோடு சேர்ந்து பங்கு வைத்திருப்பவர்களுக்கும், நீங்கள் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் மட்டுமே அது உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் பிறகு வழக்கு வரும். பக்கத்தில் இருப்பதால் மட்டும் மச்சானுக்கு உரிமை வராது. ஆனால் கிணறும் ஒழுங்கையும் அவரோடு பங்கில் இருக்கிறதா என்று உறுதியைப் பாருங்கள். இருந்தால் விற்குமுன் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

சட்டம் அவ்வளவுதான். என் விருப்பத்தைக் கேட்டால், முதலில் அவரிடம் விலை கேளுங்கள். நீங்கள் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும்போது அந்தக் கிணற்றுக் கட்டில் பாசி பிடிக்காமல் பார்த்தவர் அவர்தான்.

கே: மூன்று வீட்டுக்கு ஒரு பங்குக் கிணறு. துலாவால் அள்ளிய காலத்தில் சண்டையில்லை. இப்போது ஒரு வீட்டார் மோட்டர் பூட்டித் தோட்டத்துக்கும் இறைக்கிறார்கள். இன்னொருவர் மலக்குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்டப் பார்க்கிறார். (உரும்பிராய்)

ப: இந்தக் கேள்வியைத்தான் எல்லா ஒழுங்கைகளும் கேட்டிருக்க வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். நமக்குள்ள நன்னீர், கார்த்திகை மார்கழி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிச் சேர்ந்தது. அது உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஒரே கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும். வந்தால் மூன்று வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும். துலா உங்களை நல்ல மனிதர்களாக்கி வைத்திருக்கவில்லை. அதற்குக் கை வலிக்கும், அதனால் போதுமென்று நிறுத்தினீர்கள். மோட்டருக்குக் கை வலிக்காது. நேரம் வைத்து இறையுங்கள். தோட்டத்துக்கு வேறு கிணறு வேண்டுமென்று மூவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

மலக்குழி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். நம்முடைய வெடிப்புக் கல்லில் அசுத்தம் இன்னும் தூரம் போகும். இரண்டு பரப்புக் காணியில் 50 அடி கிடைப்பது கடினம்தான். அதனால் அடியில் கொங்கிறீற் போட்ட, கசியாத தாங்கி கட்டச் சொல்லுங்கள். நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சிப் போகட்டும். செலவு கூடத்தான், மூன்று வீடும் பங்கு போடலாம். கேட்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். இதில் முகம் பார்க்கத் தேவையில்லை. தண்ணீர் குடிப்பது குழந்தைகள்.

கே: ஒழுங்கைக்குள் காணி வாங்கி வந்து குடியேறினோம். எங்கள் சாதியை விசாரித்த பிறகு, பங்குக் கிணற்றில் அள்ளப் போனால் முகத்தைத் திருப்புகிறார்கள். வாளியையும் எடுத்துவிட்டார்கள். (வடமராட்சி)

ப: உங்கள் உறுதியில் கிணற்றுப் பங்கு எழுதியிருந்தால் அது உங்கள் கிணறு. உங்கள் வாளியைக் கட்டி, பகலில், எல்லாரும் பார்க்க அள்ளுங்கள். தடுத்தால் அது குற்றம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைத் தண்டிக்கிறது. அந்தச் சட்டம் வந்தபிறகும் மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் சனம் நின்று போராட வேண்டியிருந்தது. இவ்வளவு இடப்பெயர்வுக்கும் அகதி முகாமுக்கும் பிறகு, ஒரே கிடாரத்துக் கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்த பிறகு, இன்னும் வாளியை ஒளிக்கும் கைகள் இருப்பது எனக்குப் பெரிய வேதனை. அந்த ஒழுங்கையிலுள்ள மற்றவர்களுக்கு ஒன்று: நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், வாளியை எடுத்தவர்களில் நீங்களும் ஒருவர்.

கே: பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டில் நுளம்பு. வீட்டுக்காரர் இலண்டனில். (நல்லூர்)

ப: மழை தொடங்குமுன் அவருக்கு ஒரு படம் அனுப்புங்கள். கிணற்று வாய், தண்ணீர் தேங்கிய பீலி, சிரட்டைக் குவியல், மூன்றும் தெரியட்டும். யாழ்ப்பாணத்தில் டெங்கு மார்கழி தையில்தான் கூடுகிறது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவைத் துப்புரவாக வைப்பது அவர் கடமை. துப்புரவாக்க ஆள் பிடித்துக் கொடுப்பதை நீங்கள் செய்யலாம். விழுந்த தேங்காய்களை எண்ணிச் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் எடுத்தால், அடுத்த வருடம் நுளம்பைப் பற்றிக் கதைக்க உங்களுக்கு வாய் இருக்காது.

கே: சாமத்தியவீடு என்று இரவிரவாகச் சவுண்ட். (சாவகச்சேரி)

ப: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. பொலிஸுக்குப் போகுமுன், பத்து மணிக்குப் பிள்ளையின் தாய்மாமனிடம் போங்கள். அன்றைக்கு அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு.

கே: பல வருடம் கழித்து இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பி வந்தோம். வேலியுமில்லை, வீடுமில்லை. ஒழுங்கை எங்கே இருந்ததென்றே தெரியவில்லை. (மயிலிட்டி)

ப: 2017 ஜூலையில் மயிலிட்டியில் ஒரு பகுதி விடப்பட்டபோது 27 வருடம் கடந்திருந்தது. கதியால்கள் அவ்வளவு காலம் பொறுப்பதில்லை. கிணறு பொறுக்கும். முதலில் பற்றையை வெட்டிக் கிணறுகளைக் கண்டுபிடியுங்கள். எந்தக் கிணறு யாருடையது என்று தெரிந்தால் வீடுகள் நின்ற இடம் தெரியும். பிறகு ஒழுங்கையிலிருந்த எல்லாக் குடும்பங்களையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணொளி அழைப்பில் நிற்கட்டும். வயதானவர்களை நடக்க விடுங்கள், பள்ளிக்கூடம் போன திசையில். அவர்களின் கால் சொல்லும் இடத்தில் கயிறு பிடித்து, உறுதிகளோடு ஒப்பிட்டு, அன்றே அளவையாளரைக் கொண்டு கல் நாட்டுங்கள். ஒவ்வொருவராக வந்து தனித்தனியே முள்ளுக்கம்பி அடித்தால், கடைசியாக வருபவருக்கு வழி இருக்காது.

கே: பிரதேச சபை எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடுமா? (சங்கானை)

ப: ஒழுங்கை சபையின் பேரில் இருந்தால் போடும். தனியார் ஒழுங்கையென்றால் முதலில் எல்லாக் காணிக்காரரும் கையெழுத்திட்டு சபைக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்திட மறுக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் கடைசியாகப் போகாதீர்கள், முதலில் போங்கள்.

கே: இரு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு கண்டாயம் இருந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரியும் அதால்தான் போய்வருவார்கள். இப்போது இருவீட்டாரும் சேர்ந்து மதில் கட்டுகிறோம். சின்னக் கேற் ஒன்று வைத்தால் பிற்காலத்தில் பாதையுரிமை வழக்கு வருமென்று தம்பி பயப்படுத்துகிறான். (இணுவில்)

ப: தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தன் உரிமைபோலப் பத்து வருடம் தடையின்றிப் பாவித்தால் பாதையுரிமை கோரலாம். அனுமதியோடு போய்வந்தால் அந்தக் கணக்கு ஓடாது. அதனால் கேற்றை வையுங்கள். "இது இரு வீட்டாரின் சம்மதத்தோடு வைத்தது, யாருக்கும் பாதையுரிமை தராது" என்று இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று உறுதிப் பெட்டிக்குள் வையுங்கள். கேற் மூன்றடி அகலமாக இருக்கட்டும், அவசரத்துக்கு ஒரு கதிரையில் ஆளைத் தூக்கிப் போகலாம். கொண்டி இரண்டு பக்கமும் போடுங்கள். கடிதத்தில் நீங்களும் தம்பியும் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அம்மாவும் அன்ரியும் வைக்கட்டும், போய்வரப் போவது அவர்கள்தானே.