நடராஜா சர்வீஸ்

மெர்சிங் டவுனில், கடைவீட்டு மாடியில் குடியிருக்கிறார் அண்ணாச்சி. காடி கிடையாது. லைசன்ஸ் மட்டும் பர்சுக்குள் சுகமாகப் படுத்திருக்கிறது. சாமான் வாங்க எப்போதும் நடராஜா சர்வீஸ்தான்.

காடிக்காரர்கள் விலையைப் பார்ப்பார்கள். இவர் எடையைப் பார்ப்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்க்க மாட்டார், தூக்கிப் பார்ப்பார். 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசிக்கு 26 வெள்ளி என்று அரசாங்கம் உச்சவிலை வைத்தது. அதே மூட்டையை மாடிப்படி ஏற்ற என்ன கூலி என்று எந்த அமைச்சும் சொல்லவில்லை என்பது இவருடைய நெடுநாள் குறை. 2025 ஆகஸ்ட் 31 முதல் மைகார்டைக் காட்டி 100 வெள்ளிக்குச் சாமான் எடுக்கலாம் என்றபோது, ஊரார் வண்டி தள்ளி ஒரே மூச்சில் முடித்தார்கள். அண்ணாச்சி தவணை முறையில் தூக்கினார்.

பை அடுக்குவதில் மன்னன். அடியில் சார்டின் டின், அதன்மேல் பருப்பு, பருப்பு மெத்தையில் 2.50 வெள்ளி எண்ணெய் பாக்கெட், மேலே ரொட்டி, உச்சியில் முட்டை. கல்லாவில் நிற்கும் பெண் அவசரத்தில் முட்டையை முதலில் உள்ளே போட்டுவிட்டால், "டிக், நந்தி டுலு!" என்று பதறி, முழுப் பையையும் கொட்டி மறுபடி அடுக்குவார். பின்னால் வரிசை நீளும். இவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தியோமான் படகு கடல் ஏற்றம் பார்த்துக் கிளம்பும். அண்ணாச்சி வானம் பார்த்துக் கிளம்புவார். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஒரு கை குடைக்குப் போய்விடும். அப்புறம் வீட்டில் சாம்பாருக்குக் காய் உண்டா, பருப்பு உண்டா என்பதை மிச்சமிருக்கும் கைதான் முடிவு செய்யும்.

நல்ல உளுந்து, அப்பளம் என்றால் குளுவாங்கிலிருந்து வந்தால்தான் திருப்தி. 50ஆம் எண் சாலையில் இந்த வாரம் யார் போகிறார்கள், யாருக்கு அங்கே ஆஸ்பத்திரித் தேதி, யார் வீட்டுக் கல்யாணம், எல்லாம் இவருக்கு அத்துப்படி. "மாமா, குளுவாங் போறீங்களாமே?" என்று கேட்கும்போதே சட்டைப்பையிலிருந்து சீட்டு வெளியே வந்துவிடும்.

"ஏறுங்கண்ணே, வீட்டுல விட்டுடறேன்" என்று யாராவது கடைவாசலில் வாய்விட்டால் தீர்ந்தது. "ஒரு நிமிஷம் தம்பி" என்று உள்ளே ஓடுவார். ஒரு ரொட்டி வாங்க வந்தவர் அரிசி மூட்டை, ஆறு தேங்காய், சலவைத்தூள், விளக்குமாற்றோடு திரும்புவார். விளக்குமாறு மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வரும்.

"நீங்களே ஒரு காடி வாங்கிடலாமே?" என்றால் சிரிப்பார். "ஒன்பது வருஷக் கடன், ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ், பெட்ரோல்... எதுக்குத் தம்பி? அதெல்லாம்தான் நீ கட்டுறியே!"