பிரேக் இன்ஸ்பெக்டரும் இருபது வளைவும்

ஆர்.சி. புதுப்பிக்கப் போன வாரம் கீழே போய்விட்டு வந்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஏற்காட்டுக்காரனுக்குக் 'கீழே' என்றால் சமவெளி முழுவதும்தான். அரசாங்கமும் அங்கேதான் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்வதாக இல்லை. ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

"ஆர்.சி.யில சாஃப்ட் டாப்னு போட்டிருக்கு. இது என்ன?"

"தகரம் சார்."

"தகரம்னு எனக்கும் தெரியுது."

இருபது வயது தாண்டிய எஸ்டேட் ஜீப். காபி மூட்டை, மிளகு, உரம், கோடை விழாவுக்கு வரும் மைத்துனன் குடும்பம் எல்லாவற்றையும் முனகாமல் சுமந்தது. கம்பெனியிலிருந்து வந்தபோது தார்ப்பாய்க் கூரைதான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் முதல் மழைக்கே தகரம் அடித்துவிட்டார். ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து நாகலூர் வரை போன யாரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை எழுதியிருக்க மாட்டார்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நிறத்தை மாற்றலாம், அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. சரி, சட்டம் சட்டம்தான். நனைவது மட்டும் நாங்கள்.

அடுத்து சேசிஸ் நம்பர். வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்து, மண்ணெண்ணெய்த் துணியால் சேற்றையும் கிரீஸையும் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வெள்ளைத்தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பென்சிலைப் படுக்க வைத்து உரச வேண்டும். எழுத்தெழுத்தாகக் கிளம்பி வரும். எனக்கு 3-ம் 8-ம் ஒன்றுபோலவே வந்தன. "தெளிவா இல்லையே சார்" என்றார்கள். மறுபடி புகுந்தேன். வெளியே வந்தபோது என் இடுப்புக்குத்தான் யாராவது எஃப்.சி. பார்த்திருக்க வேண்டும்.

ஹாரன், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் பார்த்தாயிற்று. பிரேக்கை ஒருவரும் மிதித்துப் பார்க்கவில்லை. கட்டணம் 10,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்தது, அப்புறம் 5,000, 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வயது தாண்டிய காருக்கு இரட்டிப்பு. 2020-இல் ரயிலில் முதியோர் சலுகையை நிறுத்தியபோதே, வயசானதுகளிடம் இந்த நாட்டுக்கு என்ன அபிப்பிராயம் என்று புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கூரைக்கு என்ன வழி என்று மெக்கானிக்கைக் கேட்டேன். "ஏன் சார் கவலைப்படுறீங்க? நம்மகிட்ட தார்ப்பாய் செட் ஒண்ணு இருக்கு. ஒரு நாள் வாடகைக்கு மாட்டிக் காட்டிட்டு வந்து கழட்டிக் குடுத்துடுங்க" என்றார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவது போலத்தான் நம் ஊரில் எஃப்.சி.யும். இரவல் டயர், இரவல் சைலன்சர் கேள்விப்பட்டிருக்கிறேன். இரவல் கூரை எனக்கே புதிது. எனக்கு முன்னால் வேறு ஜீப்புகளும் அந்தத் தார்ப்பாய்க்குக் காத்திருக்கின்றனவாம்.

இதற்கெல்லாம் என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ஆறுதல் தேடி ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்கப் போனால், அங்கே என் கட்சியில் ஒருத்தர்கூட இல்லை. டாக்ஸிக்கார அண்ணன் முதலில் ஆரம்பித்தார். "உங்க வெள்ளை போர்டைப் பதினஞ்சு வருஷம் எவனும் எட்டிப் பாக்கலை. புகைச் சான்றைத் தவிர என்ன குடுத்தீங்க? எங்களுக்கு எட்டு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்.சி. நீங்க ஒரு தகரத்துக்கு அழுவறீங்க!" அவர் சொல்வது நியாயம். அதனால்தான் பதில் சொல்லாமல் ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். ஜப்பானில் புதுக் காருக்கே மூன்றாம் வருஷம் சோதனை, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்றான் பைக்குக்கு அகல டயர் மாட்டியிருக்கும் பையன். அவன் பைக் ஜப்பானில் அரை நாள் ஓடாது. ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர், இங்கிலாந்தில் நாற்பது வயது தாண்டிய வண்டி பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் சோதனையே வேண்டாம் என்று படித்ததாகச் சொன்னார். நம்மிடமும் 2021-இல் வந்த விண்டேஜ் விதி இருக்கிறது. ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. நம்பரில் வி.ஏ. என்று தனி எழுத்து கிடைக்கும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், ராலிக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். பெட்ரோல் போட்டுக்கொண்டு எங்கே போவது? அடுத்த பங்குக்குத்தான்.

யோசனைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு நாள் அதிகாரம் கொடுத்தால், சேலம் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இன்ஸ்பெக்டர்களாக நியமித்துவிடுவேன். மாற்றல் கேட்க மாட்டார்கள், லீவு போட மாட்டார்கள். முதல் மூன்று வளைவு ஓட்டுநரின் வாய்க்கு. "ஊட்டியே பார்த்தவன் நான்" என்று பேசிக்கொண்டு வருவார். நாலாவதில் பேச்சு நிற்கும், ஆறாவதில் ஏ.சி. நிற்கும். எட்டாவதில் வண்டியே நின்று, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைக் கைக்குட்டையால் திருகப் போவார். நாம் ஜீப்பிலிருந்தே கத்த வேண்டும். ஒன்பதாவது வளைவில் குரங்கு. வைப்பர் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஃபெயில். பதினொன்றில் மேலேயிருந்து பஸ் வரும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது விதி. பஸ்ஸுக்கு அது தெரியாது. பின்னால் எடுக்க வேண்டும். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம், 2012-லேயே உச்ச நீதிமன்றம் கிழிக்கச் சொன்னது, அப்படியே இருக்கும். பின்னால் ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரம்மா இறங்கி நின்று "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்பார். சாணளவு வெளியே துருத்தும் டயர் சுவரில் உரசியதும் "போதுங்க" என்பார். பதினாலாவதில் பனி. கூரையில் வரிசையாக எல்.இ.டி. கட்டியவர் எல்லாவற்றையும் எரியவிடுவார். வெளிச்சம் மூடுபனியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணிலேயே அடிக்கும். இந்த ஒரு வளைவை மட்டும் நான் ஓரமாக நிறுத்திப் பார்ப்பதுண்டு. பதினேழில் சைலன்சர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பும் ஒவ்வொருவரையும் அங்கே இறக்கி, அந்தச் சைலன்சருக்குப் பக்கத்தில் தூங்க வைக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது சும்மா. மலைக்கும் மூச்சு வாங்க வேண்டாமா?

இருபதை எட்டியவருக்கும் பாதி மார்க்குதான். மீதி, இறங்கும்போது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். வருகிறவர்களோ 'டி'யில் போட்டுவிட்டு இருபது வளைவும் பிரேக்கின் மேலேயே நிற்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சாகிவிடும். சமதளச் சோதனை நிலையத்தில், ஆறிய பிரேக்கை ரோலர் மேல் சில விநாடி மிதித்தால் இது எப்படித் தெரியும்? சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர் சில நூறு ரூபாய் ஆயிலை மாற்றுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் மாத்தணுமா?"

நேற்றும் அடிவாரத்தில் ஒரு புது வண்டி, நாலு சக்கரமும் புகைய நின்றது. ஒரு பையன் காய்ந்த டிஸ்க்கின் மேல் மினரல் வாட்டரைச் சரித்துக்கொண்டிருந்தான். "ஊத்தாதே தம்பி, கோணிக்கும்" என்றேன். அவன் நிமிர்ந்து, என் ஜீப்பைத் தகரத்திலிருந்து டயர் வரை ஒரு பார்வை பார்த்தான்.

"இதுக்கெல்லாம் ஆர்.சி. உயிரோட இருக்கா அங்கிள்?"