கள்ள கேசட்டும் பத்துக் குற்றமும்

திருட்டுத்தனமாகப் பதிந்த பாட்டு ஏன் நன்றாகக் கேட்பதில்லை என்று கேட்டால், ஒலிப்பதிவாளர்கள் வரைபடம் போட்டு விளக்குவார்கள். அவ்வளவு சிரமம் வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். அவர் நூலுக்காகச் சொன்னார் என்பது உரையாசிரியர்கள் கொள்கை. கேசட்டுக்கும் சேர்த்தே சொன்னார் என்பது இவ்வாய்வின் துணிபு.

களம், தர்மபுரி மாவட்டம் கடத்தூரும் அதைப் போன்ற பேரூர்களும். காலம், 1980கள். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட சின்ன கேசட், தமிழ்நாட்டில் பஸ் நிற்கும் ஊர்வரை வந்து சேர்ந்திருந்த காலம். எல்.பி. தட்டும் அதைச் சுழற்றும் பெட்டியும் வசதியுள்ள வீட்டுச் சமாச்சாரம். மற்றவர்கள் நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு பிளாங்க் கேசட்டோடு டவுனில் உள்ள ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வருவார்கள். வழிநூலின் வகைகளில் ஒன்று தொகுத்தல். சென்டர்காரர் செய்தது அதுவே. முதல்நூலாசிரியரிடம் அனுமதி மட்டும் கேட்கவில்லை.

முதற்குற்றம் குன்றக் கூறல். பிரதியில் முதலில் காணாமல் போவது மேல்சுருதி: ஜால்ராவின் கிணுகிணுப்பு, பாடகியின் மூச்சு, வயலினின் கூர்மை. டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் மிகச் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். நாடாவுக்கு ஹெட் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அது கொஞ்சம் பிசகிய டெக்கில் பதிந்ததை இன்னொரு டெக்கில் போட்டால், கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். அதற்கு மேல், அவசர வாடிக்கையாளருக்காக இரட்டை டெக்கில் 'ஹை ஸ்பீடு டப்பிங்'. இரு மடங்கு வேகத்தில் ஓட்டும்போது 10,000 ஹெர்ட்ஸ் ஒலி 20,000 ஆகிவிடும். ஏற்கெனவே தேய்ந்த ஹெட் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது.

குன்றியதை ஈடுகட்டத்தானோ என்னவோ, மிகைபடக் கூறல் கூடவே வரும். காந்த நாடாவுக்குப் பிறவியிலேயே ஒரு 'உஸ்' உண்டு. பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது பழைய உஸ்ஸின் மேல் புது உஸ் ஏறும். இரண்டும் சம அளவென்றால் இரைச்சல் 3 டெசிபல் கூடும். அதன் தலையில் ஈக்வலைசரைத் திருகி பேஸை ஏற்றி, 'எக்கோ'வும் கலந்து தரும் கைராசிக்காரர்கள் இருந்தார்கள். அதற்குத் தனிக் காசு.

மாறுகொளக் கூறல், பெல்ட் தளர்ந்த டெக்கின் கைங்கரியம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பதியும்போது மெதுவாக ஓடியிருந்தால், வீட்டில் சரியான வேகத்தில் போடும்போது பாட்டு அவசரப்படும், சுருதியும் ஏறும். மற்றொன்று விரித்தல் இன்னும் சுவையானது. பழைய கேசட்டையே அழித்துப் பதியும்போது அழிக்கும் ஹெட் பலவீனமாக இருந்தால், காதல் டூயட்டுக்கு அடியில் யாரோ முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சென்று தேய்ந்து இறுதலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதில் கேசட் மட்டும் குற்றவாளியல்ல, தாய்த்தட்டுக்கும் பங்குண்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் 12 அங்குல எல்.பி.யில், வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. வரி ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20-ஐ நெருங்கிவிடும். அதே நுணுக்கத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்குவதால் பக்கத்தின் கடைசிப் பாட்டு இயல்பிலேயே கரகரக்கும். சென்டரின் தட்டோ ஊரெல்லாம் கேட்டு, தேய்ந்த ஊசியால் உழுதது. ஆகவே படம் வந்த வாரமே லிஸ்ட் கொடுத்தவருக்கு ஒரு பாட்டு, தீபாவளிக்குக் கொடுத்தவருக்கு வேறு பாட்டு. கேசட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் 30 நிமிடம்தான் என்பதால், கடைசிச் சரணம் பாதியில் அறுவதும் இவ்வகையில் அடங்கும்.

'கம்பெனி கேசட் மட்டும் இரையவில்லையா?' என்பது பூர்வபட்சம். இரைந்ததுதான். ஆனால் அது ஸ்டூடியோவின் மூலநாடாவுக்கு நெருங்கிய சொந்தம். கள்ளப்பிரதி ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவு.

இன்று விற்கும் கள்ள வினைலுக்கும் இதே வம்சதோஷம். தட்டு 180 கிராம் கனம், உறை பளபளப்பு, மூலம் யாரோ இறக்கிய எம்பி3. முறையான கம்பெனி முதலில் சில தட்டுகளை அடித்துக் கேட்டு, சரியில்லையென்றால் அச்சையே மாற்றும். திருட்டுத் தட்டில் அந்தச் செலவுக்கு அவசியமில்லை. வாங்கியவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவாரா என்ன?

பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் வேண்டும் என்கிறது நன்னூல். இசைத்தட்டிலும் கேசட்டிலும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்றது 1984-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம். கள்ள கேசட் இரண்டையும் மதித்ததில்லை. தமிழ்நாட்டில் கள்ளச்சாராயக்காரர்களைப் பிடிக்க 1982-இல் வந்த குண்டர் சட்டத்துக்குள் 2004-இல் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். அதற்குள் கேசட்டின் இடத்தை சி.டி. பிடித்துவிட்டது, ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன.

ஒரு விதிவிலக்கைப் பதிவு செய்தாக வேண்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக்செட்காரர் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுருதியும் வராது, மேல்சுருதியும் சரியாக வராது. குன்றிய கேசட்டும் குன்றாத கேசட்டும் அதில் ஒன்றுதான். பத்துக் குற்றமும் அங்கே தள்ளுபடி.