கட்டைவிரல் படும் பாடு

பேஸ்பாலில் எறிபவரின் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அவ்வளவு இடத்தில் ஒரு பந்தைப் போட முடியாதா என்று கேட்பவர், எம்எல்பி தி ஷோ வீடியோ கேமைத் தொட்டதில்லை என்று பொருள்.

அதன் 2021 பதிப்பில் ‘பின்பாயின்ட்’ என்றொரு எறிமுறை வந்தது. கன்ட்ரோலரின் வலது குச்சியால் ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒரு கோலம் போட வேண்டும். ஃபாஸ்ட்பாலுக்கு இரண்டு இழுப்பு. வளைந்து போகும் பந்துகளுக்குச் சிக்குக் கோலமே தேவலை. போட்டு முடித்ததும், சுருங்கி வரும் வளையம் சேரும் நொடியில் குச்சியைச் சுண்ட வேண்டும். இமைப்பொழுது பிசகினால் போதும், முழங்காலுக்குக் குறிவைத்த பந்து மட்டையாளரின் மார்புக்கு நேராகச் சாவகாசமாக மிதந்து வரும். கோணல் எந்தப் பக்கம், கோலம் எத்தனை சதவீதம் சரி என்று திரையில் மதிப்பெண் வேறு! திரையில் எறிபவர் களைத்துப்போனால் குறி தடுமாறுமாம். சோபாவில் இருப்பவரின் களைப்பை யார் கேட்டார்கள்?

நான்கு பந்து தப்பினால் மட்டையாளர் ஓசியில் முதல் தளத்துக்கு நடந்துவிடுவார். நிஜ ஆட்டத்தில் எறிபவர் நோலன் ரயன் இப்படி 2,795 நடைகளை வாரி வழங்கினார். மேஜர் லீக் சாதனை அது. அவரையும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 5,714 ஸ்ட்ரைக்அவுட்டும் எடுத்தார் என்பதை நமக்குச் சௌகரியமாக மறந்துவிடலாம்.

மானம் பெரிதில்லை என்பவர்களுக்கு, கேமின் செட்டிங்ஸில் ‘கிளாசிக்’ எறிமுறை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பந்து போய்விடும்.