கைமாத்து கேள்விகள்

நம்பிக்கையான நண்பரிடம் கைமாத்து கேட்க நல்ல நேரம் எது?
(திருச்சி வாசகர்)

அவர் உங்களிடம் கேட்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

இதைப் பற்றி வள்ளுவர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?
(தென்காசி வாசகி)

106-வது அதிகாரம் 'இரவு'. தூங்குகிற இரவு இல்லை, கையேந்துகிற இரவு. அடுத்ததே 'இரவச்சம்'. நண்பர் வீடு வரை போய், காலிங் பெல்லில் வைத்த விரலை அழுத்தாமலே எடுக்கிறோமே, அதுதான் 106-க்கும் 107-க்கும் உள்ள தூரம்.

நண்பரிடம் போய் புரோநோட்டு கேட்டால் தப்பாக நினைக்க மாட்டாரா?
(ஈரோடு வாசகர்)

அவர் ஒரு தடவை தப்பாக நினைப்பார். எழுதாமல் கொடுத்தால் நீங்கள் தினமும் நினைப்பீர்கள். நோட்டுக்கும் ஆயுள் மூன்றே வருடம். அதற்குள் கொஞ்சம் பணம் வாங்கி, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்தும் வாங்கினால் அன்றிலிருந்து மறுபடி மூன்று.

அவசரத்துக்கு 25,000 ரூபாயை ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாமா?
(ஓசூர் வாசகர்)

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம். நண்பருக்கு ஒரு 25,000, அரசாங்கத்துக்கு ஒரு 25,000!

'திருப்பித் தருகிறேன்' என்று வாங்கியவர் இப்போது என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே?
(மதுரை வாசகி)

திருப்ப ஆரம்பித்துவிட்டாரே, சந்தோஷப்படுங்கள்!

போனால் போகட்டும் என்று எவ்வளவை விட முடியுமோ, நட்புக்குள் அவ்வளவுதான் கொடுக்கலாம்.