கேசட்டு மாமா

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவராவது இருப்பவர் கேசட்டு மாமா. பசறை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் காணலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முறைப்படி அவர் சிலருக்குச் சித்தப்பா, சிலருக்குத் தாத்தா. ஆனால் அவரிடம் உள்ள ஒரே ஒரு வி.எச்.எஸ். கேசட்டைக் கேட்டு வருகிற எல்லாருக்கும் மாமாதான். கேசட்டில் இருப்பது 1990களில் நடந்த ஒரு கல்யாணம். அது அவருடைய கல்யாணமாக இருப்பது அபூர்வம். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரருக்குச் சல்லி கொடுத்தவர், அல்லது கொடுத்ததாக இன்றுவரை சொல்லிக்கொள்பவர் என்ற தகுதியில் கேசட் அவர் கைக்கு வந்தது. வந்தது வந்ததுதான்.

கேசட்டை அவர் வைத்திருக்கும் முறை தனி. முதலில் ஒரு பொலித்தீன் பை, அதன் மேல் பழைய சாரத் துண்டு, அதற்கு மேல் பிஸ்கட் டின். டின் இருக்கும் இடம் அடுப்புக்கு மேலே உள்ள பரண். அங்கே வைத்த சோளம் கெட்டதில்லை, மிளகு கெட்டதில்லை, ஆகவே கல்யாணமும் கெடாது என்பது அவர் கணக்கு. நாடாவோ சோளம் இல்லை. அது 12.7 மில்லிமீற்றர் அகலமுள்ள பொலியெஸ்டர் பட்டி. அதன்மேல் இரும்பு ஒக்சைட்டுத் தூளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் குடித்தால் பசை பிசுபிசுக்கும், சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். வடகீழ்ப் பருவ மழையில் காம்பராச் சுவரே வியர்க்கிற மலையில் இதைத் தடுப்பது லேசல்ல. இதற்கு மாமாவிடம் வைத்தியம் உண்டு. ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது கேசட்டை இஸ்தோப்பில் காய்கிற மிளகாய்க்குப் பக்கத்தில் வைப்பார். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசத்தைத் தருவது அந்தக் காய்ந்த காற்றுதான். கேசட்டுக்கும் அதில் நன்மை உண்டு. வெயில்தான் ஆகாது. ஆக வைத்தியம் பாதி சரி. மலையில் பல வைத்தியங்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன.

மாமா எதையும் எறியமாட்டார் என்று மருமக்கள் கேலி செய்வார்கள். அந்தக் குணத்துக்குச் சட்டப் பின்னணி உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். யார் கப்பலேறுவது, யார் கொழுந்து பறிப்பது என்பதை ஒரு துண்டுக் கடுதாசி தீர்மானித்த காலத்தில் மாமா வளர்ந்தவர். வீட்டிலுள்ள எந்தச் சாமானையும் "இது எதுக்கு?" என்று கேட்க அவருக்குத் தெரியாது. எப்போதாவது ஒரு கந்தோரில் எவனாவது கேட்பான், அவ்வளவுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு கேசட் பரணை விட்டு இறங்கியது. பிறப்புச் சான்றிதழும் காணிக் கடுதாசியும் இருக்கிற பையில் அதற்கும் இடம் கிடைத்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மாமா முதலில் தூக்குவது அந்தப் பையை. மாமி பின்னால் வந்துவிடுவார்.

கேசட்டின் முதல் பயன் பார்ப்பது அல்ல, சாட்சி சொல்வது. யார் கல்யாணத்துக்கு வந்தார், யார் வராமலே மொய் எழுதியதாகச் சொல்கிறார், பந்தியில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து மூன்றாம் தடவை சோறு வாங்கியவர் யார் என்ற வழக்குகளில் மாமாவின் தீர்ப்பு ஒன்றே: "கேசட்டுல இருக்கு." போட்டுக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை, போட டெக் இல்லை. உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனி 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. செய்தி தோட்டத்துக்கு வரவில்லை. பதுளை டவுனுக்குப் போகும்போதெல்லாம் மாமா ரேடியோ திருத்தும் கடைகளில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவார்.

கடைசியில் கொழும்பில் வேலை செய்யும் பேரப்பிள்ளை ஒன்று தீபாவளிக்கு வந்து வற்புறுத்தும். கேசட்டைப் பென் டிரைவுக்கு மாற்றும் ஸ்டூடியோவுக்கு அதைக் கொடுத்தனுப்ப மாமா சம்மதிக்கமாட்டார். தானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறுவார். கடைப் பையன் மூடியைத் தூக்கிப் பார்த்துப் பூஞ்சணத்தைத் துடைக்காமல் போடமுடியாது என்பான். அவன் சொல்வது நியாயம். டெக்கின் தலை நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்வது, ஒரு அழுக்கு நாடா போதும் அது அடைத்துக்கொள்ள. துடைத்த பிறகு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைக் கணினியில் மாட்டுவார்கள். இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணிநேரக் கேசட் மாற மூன்று மணிநேரம் ஆகும். அதில் சுற்றியிருக்கும் நாடா சுமார் 250 மீற்றர். ஒன்பது வளைவுப் பாலத்தில் விரித்தால் போய், திரும்பி, மறுபடியும் முக்கால் பாலம் போகலாம். அந்தத் தூரம் முழுக்க மாமா ஸ்டூலில் உட்கார்ந்து கூடவே வருவார்.

திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் பையன் தலையைச் சொறிவான். "நாடா பழுது ஐயா."

"பழுதில்ல தம்பி. பனி. அன்னைக்கு அப்புத்தளையில ஒரே பனி."

மணப்பெண் ரோஜாப்பூவுக்குள் தோன்றுவாள், மாப்பிள்ளை இதயத்துக்குள் சுழல்வார். லைட் அடித்ததும் பந்தியில் எல்லாக் கையும் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நிற்கும். பேரப்பிள்ளைக்கு அது கண் கூசுகிற நாற்பது பேர். மாமாவுக்கு அப்படியில்லை. தப்படிக்கிறவர் காமன் கூத்தில் ரதியாக ஆடியவர், தண்ணீர்ச் செம்போடு நிற்கிற பெண் மறு மாதமே குவைத்துக்குப் போனவள், தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறவர் கடன்காரர். பேரப்பிள்ளை கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் இந்த நேரத்தில் போனை எடுத்து மாமாவின் பேச்சைப் பதிவு செய்யும். பெரும்பாலும் அது பேஸ்புக் பார்த்துக்கொண்டிருக்கும்.

பென்னை மாமா நம்புவதில்லை. புளியங்கொட்டை அளவுச் சாமானுக்குள் இவ்வளவு பந்தியும் எப்படி அடங்கும்? மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் பாதுகாப்பு விதி. ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்குப் போன அண்ணனுக்கு அப்போதே ஒரு கேசட் பிரதி அனுப்பிய மாமா, விதி தெரியாமலே முக்கால்வாசியை முடித்தவர். பென் ஒன்றுதான் பாக்கி.

இரண்டாம் மணிநேரத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். அடுத்த நொடி ஒரு கதாநாயகன் கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு பாய்வான். கேசட்டின் முதுகில் அழிபடாமலிருக்க உடைத்துவிட்ட துவாரத்தில் எவரோ செலோடேப் ஒட்டி, டீவியில் போட்ட படத்தைப் பதிந்திருக்கிறார். யார் செய்தது என்ற வழக்கில் மட்டும் கேசட்டைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. இருபது நிமிடச் சண்டை முடிந்து திரும்பும்போது பெண்ணுக்குக் கழுத்தில் தாலி ஏறியிருக்கும்.

"இந்தப் படத் துண்ட வெட்டிறவா ஐயா?"

"வெட்டாத தம்பி. அன்னைக்கு லயமே எங்க காம்பராவுல உக்காந்து பாத்திச்சு."